ஆறு வாரச் சிகிச்சை, இருபது ஆண்டுக் கவனம்

பிட்யூட்டரி கட்டிக்கு மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, மூன்று மாதம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பார்த்துவிட்டு மருத்துவர் இன்னொரு செய்தியும் சொல்வார்: "பக்கவாட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ரேடியேஷன் கொடுக்க வேண்டியிருக்கும்." நம் ஊர்ப் பேச்சில், கரண்ட் வைப்பது. அதைக் கேட்டதும் வீட்டில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். முடி கொட்டிவிடுமா? பின்னாளில் இதனாலேயே புற்றுநோய் வருமா?

இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்குப் பதில் எளிது: கதிர் நுழையும் இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாக முடி உதிரலாம், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும். இரண்டாவதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் இந்தச் சிகிச்சையின் மிகப் பரவலான நீண்டகாலப் பின்விளைவைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. பிட்யூட்டரி சுரப்பி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தன் வேலையை நிறுத்திக்கொள்வதுதான் அது. மருந்தால் ஈடுசெய்ய முடிந்த குறை. கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கக்கூடிய குறையும்கூட. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம்.

முதலில், கட்டி ஏன் மிச்சம் நிற்கிறது? பட்டாணி அளவுள்ள இந்தச் சுரப்பி மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சிறு எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடம். அதற்கும் மேலே, பிட்யூட்டரிக்கு ஆணையிடும் ஹைபோதலாமஸ். இரண்டு பக்கமும் இரத்தம் நிறைந்த குகை போன்ற அறைகள். அவற்றுக்குள்ளேதான் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியும் கண்விழியை அசைக்கும் நரம்புகளும் செல்கின்றன. கட்டி இந்தப் பக்க அறைக்குள் வேர்விட்டிருந்தால், எவ்வளவு கைதேர்ந்த அறுவை மருத்துவரும் ஓரிடத்தில் கையை நிறுத்தத்தான் வேண்டும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. அந்தத் தமனியைத் தொடாமல் விட்டதால்தான் நோயாளி பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார்.

மிச்சத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1998-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஹார்மோன் சுரக்காத வகைக் கட்டிக்கு அறுவை முடிந்தபின் ஒரு மையத்தில் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம், மற்றொன்றில் கொடுக்காமல் விடுவது வழக்கம். கதிர்வீச்சு பெற்றவர்களில் 93 சதவீதம் பேருக்குப் பதினைந்து ஆண்டுகளிலும் கட்டி மறுபடி வளரவில்லை. பெறாதவர்களில் பத்தாம் ஆண்டில் 47 சதவீதம் பேரும் பதினைந்தாம் ஆண்டில் 33 சதவீதம் பேரும் மட்டுமே அப்படித் தப்பியிருந்தார்கள். இனி பேசப்போகும் ஆபத்துகளையெல்லாம் இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டுதான் எடைபோட வேண்டும். அதே எண்களைத் திருப்பியும் படிக்கலாம்: கதிர்வீச்சு இல்லாமலேயே பதினைந்து ஆண்டு நிம்மதியாக இருந்தவர்கள் மூன்றில் ஒருவர். எல்லோருக்கும் உடனடியாகக் கொடுத்துவிடும் பழக்கம் இன்று குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வழக்கமான கதிர்வீச்சில் மொத்தம் 45 முதல் 50 கிரே (கதிர் அளவின் அலகு) வரையிலான அளவை, நாளொன்றுக்கு 1.8 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள் என்று ஐந்தாறு வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வலி இருக்காது. அந்த வாரங்களில் அசதியும் லேசான தலைவலியும் இருக்கலாம். முடிந்ததும் உடம்பில் கதிர் எதுவும் தங்காது; குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், எல்லோருடனும் சேர்ந்து சாப்பிடலாம்.

ஆனால் கதிரின் வேலை அத்தோடு முடிவதில்லை. அது செல்லின் மரபணு இழையை அறுக்கிறது. அறுபட்ட செல் உடனே சாகாது. அடுத்த முறை இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் சாகும். பிட்யூட்டரி கட்டிகள் பெரும்பாலும் மந்தமாக வளர்பவை. எனவே அவை சாவதும் மந்தமாகத்தான். அக்ரோமெகலி என்னும் வளர்ச்சி ஹார்மோன் மிகைநோயில் கதிர்வீச்சின் முழுப் பலன் தெரியப் பல ஆண்டுகள் பிடிப்பது இதனால்தான். அதுவரை ஊசி மருந்தும் தொடர வேண்டியிருக்கிறது. கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களுக்கும் நுண் இரத்தக் குழாய்களுக்கும் ஹைபோதலாமஸுக்கும் ஏற்படும் சேதமும் இதே போல மெதுவாகத்தான் வெளிப்படும். நன்மையும் தீமையும் ஒரே வேகத்தில் நடப்பதால், கட்டி அடங்கிவிட்டது என்று எல்லோரும் ஆறுதலடையும் காலத்தில்தான் சுரப்பி குறைய ஆரம்பிக்கிறது.

எவ்வளவு பேருக்கு? கதிர்வீச்சு பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ பத்தாண்டுகளுக்குள் ஏதாவதொரு ஹார்மோன் புதிதாகக் குறைகிறது. அதற்குப் பிறகும் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து 1989-ல் வந்த ஆய்வின் எண்கள் இன்னும் கடுமையானவை: எட்டாண்டு முடிவில் எல்லோருக்கும் வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருந்தது, பாலியல் சுரப்பிகளைத் தூண்டும் ஹார்மோன்கள் 96 சதவீதம் பேருக்கும், அட்ரினலைத் தூண்டுவது 84 சதவீதம் பேருக்கும், தைராய்டைத் தூண்டுவது 49 சதவீதம் பேருக்கும் குறைந்திருந்தன. அவர்களில் பலருக்குக் கட்டியாலும் அறுவையாலும் முன்பே சுரப்பி பழுதுபட்டிருந்தது. அங்கே ஒவ்வொரு நாளும் கொடுத்த கதிரின் அளவும் இன்றையதைவிட அதிகம். ஆகவே இதை அப்படியே இன்றைய நோயாளிக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் எது முதலில் போகும், எது கடைசியில் போகும் என்ற வரிசை இன்றும் பெரும்பாலும் அதேதான்.

இந்தக் குறைவு நோயின் முகத்தோடு வருவதில்லை; சாதாரண வாழ்க்கையின் முகத்தோடு வருகிறது. வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் தொப்பை விழும், உடம்பில் தெம்பிருக்காது, எலும்பு மெலியும். நாற்பதைத் தாண்டியவர் இதை வயதுக்கணக்கில் எழுதிவிடுவார். பாலியல் ஹார்மோன் குறைந்தால் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய், பிறகு நின்றுவிடும். ஆணுக்குத் தாடி வளர்வது குறைந்து, ஆசையும் குறையும். இதைக் கணவன் மனைவிக்குள்ளேயே பலர் பேசுவதில்லை, மருத்துவரிடம் சொல்வது எங்கே. தைராய்டு குறைந்தால் குளிர் தாங்காது, மலச்சிக்கல், மந்தம். அட்ரினல் குறைந்தால் பசி போய்விடும், எடை இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், இரத்தத்தில் சோடியம் குறையும். கதிர்வீச்சு முடிந்து ஏழெட்டு ஆண்டு கழித்து வரும் அசதியை அந்தப் பழைய சிகிச்சையோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நோயாளிக்குத் தோன்றாது, பக்கத்துத் தெரு மருத்துவருக்கும் தோன்றாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அசதி என்று போனால் நம் ஆய்வகங்களில் முதலில் பார்ப்பது டி.எஸ்.எச். மட்டும்தான். அது சரியாக இருந்தால் தைராய்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு இது சரி. ஆனால் டி.எஸ்.எச். என்பதே பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன். பிட்யூட்டரி பழுதானவரிடம் அதை வைத்துத் தைராய்டை அளக்க முடியாது. தைராய்டு ஹார்மோன் அடிமட்டத்தில் கிடக்கும்போதும் டி.எஸ்.எச். அழகாக இயல்பு எல்லைக்குள் இருக்கலாம். இவர்களுக்குப் பார்க்க வேண்டியது தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி-4. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதை வைத்துத்தான். டி.எஸ்.எச். தாழ்ந்திருக்கிறது என்று யாரோ ஒருவர் தைராக்ஸின் மாத்திரையைக் குறைத்துவிட்டு, நோயாளி மாதக்கணக்கில் சோர்ந்து கிடக்க வேண்டியதில்லை. ஆய்வகச் சீட்டு எழுதும்போதே "எனக்குப் பிட்யூட்டரியில் ரேடியேஷன் ஆகியிருக்கிறது, ஃப்ரீ டி-4 வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது பொறி இதைவிட ஆபத்தானது. தைராய்டும், அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசாலும் சேர்ந்தே குறைந்திருக்கும் ஒருவருக்குத் தைராக்ஸினை மட்டும் முதலில் தொடங்கினால், உடம்பு தன்னிடமிருக்கும் கொஞ்ச நஞ்சக் கார்ட்டிசாலையும் வேகமாகச் செலவழித்துவிடும். இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசாலைப் பார்த்து, குறைவாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகே தைராய்டு மாத்திரைக்குப் போவார்கள்.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே நம்மிடம் பயம் அதிகம். எலும்பு போகும், சர்க்கரை வரும் என்று பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. கார்ட்டிசால் குறைந்தவர் எடுப்பது உடம்பு தானே சுரந்திருக்க வேண்டிய அளவைத்தான். பெரும்பாலும் நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. இதை நிறுத்தக் கூடாது. தெம்பாக இருக்கட்டும் என்று தானாகக் கூட்டிக்கொள்ளவும் கூடாது. தேவைக்கு மேல் ஆண்டுக்கணக்கில் எடுப்பது இதயத்துக்கும் எலும்புக்கும் கேடு. காய்ச்சல் வந்தாலோ பல் பிடுங்கினாலோ மட்டும், மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி, இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையென்றால் காத்திருக்கவே கூடாது. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போட வேண்டும். வீட்டிலுள்ள ஒருவராவது இந்த ஊசியைப் போடக் கற்றுக்கொள்வது நல்லது. நோயாளியின் பணப்பையில் ஒரு சீட்டு எப்போதும் இருக்கட்டும்: "ஸ்டீராய்டு எடுத்துவருகிறேன், நிறுத்தக் கூடாது, அவசரத்தில் ஊசி தேவை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி.

குழந்தை வேண்டும் என்றிருக்கும் இளவயதினர் இந்தப் பேச்சைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் தொடங்கிவிட வேண்டும். பாலியல் ஹார்மோன்களைத் தூண்டும் பிட்யூட்டரி ஆணைகள் நின்றுபோனாலும், கருப்பையும் கருமுட்டைப்பையும் விரைகளும் கதிரால் கெட்டுப்போவதில்லை. தூண்டும் ஹார்மோன்களை ஊசியாகக் கொடுத்துக் கருத்தரிக்க வைக்கும் வழி இருக்கிறது. செலவும் காலமும் பிடிக்கும். ஆனாலும் ரேடியேஷன் என்றாலே இனிப் பிள்ளை இல்லை என்று முடிவு கட்டி, கல்யாணப் பேச்சையே நிறுத்திவிடும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, கண். கதிரால் பார்வை நரம்பு பழுதாவது இன்றைய அளவுகளில் நூறு பேரில் ஒருவர், இருவருக்கு நடப்பது. நடந்தால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள், வலியே இல்லாமல் பார்வை மங்கும். வந்துவிட்டால் திருப்புவது மிகக் கடினம், ஆகவே காப்பு முழுவதும் திட்டமிடும் மேசையில்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு 2 கிரேக்குள் வைப்பதன் முக்கியக் காரணம் இந்த நரம்புதான். சிகிச்சைக்கு முன் ஒரு பார்வைப் புலப் பரிசோதனை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு எடுப்பவற்றை அதோடு ஒப்பிட வேண்டும். மங்கல் என்றதும் கண்புரை என்றோ கண்ணாடி மாற்ற வேண்டும் என்றோ நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

பக்கவாதத்தைப் பற்றிய கணக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. கரோடிட் தமனி கதிரின் பாதையில் இருப்பதால் அதன் சுவர் தடித்துப்போகலாம் என்பது உண்மை. இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் பிட்யூட்டரி குறைபாடுள்ள 1,014 பேரைத் தொடர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு பெற்றவர்களிடையே மூளை இரத்தக் குழாய் நோயால் நேர்ந்த இறப்பு அதிகமாக இருந்தது. ஆனால் கதிர்வீச்சு வரை போனவர்கள் பெரும்பாலும் பெரிய கட்டி, திரும்பத் திரும்ப அறுவை, பல ஹார்மோன் குறைவு என்று ஏற்கெனவே அதிகச் சுமை தாங்கியவர்கள். அக்ரோமெகலியும், கார்ட்டிசால் மிகையாகும் குஷிங் நோயும் தம்மளவிலேயே இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கொண்டுவருபவை. எவ்வளவு பங்கு கதிருக்கு, எவ்வளவு நோய்க்கு என்று பிரிப்பது கடினம். எல்லா ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவுமில்லை. என் கருத்தில், நோயாளி இந்த விவாதம் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக வைத்திருப்பதும் புகையிலையை அடியோடு விடுவதும் எந்த விடை வந்தாலும் பலன் தருபவை.

இப்போது அந்தப் புற்றுநோய்க் கேள்வி. கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல ஆண்டுகள் கழித்து வேறொரு மூளைக்கட்டி வரக்கூடும். பெரும்பாலும் மூளையுறையில் எழும் மெனிஞ்சியோமா. அது பொதுவாகத் தீங்கற்றது, அறுவையால் எடுக்கக்கூடியது. அரிதாக மூளைத் திசுவிலேயே எழும் கிளையோமா, அது கொடியது. லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை தன் நோயாளிகளை நீண்டகாலம் தொடர்ந்து 2005-ல் சொன்ன கணக்கு: பத்தாண்டில் நூற்றுக்கு 2 பேர், இருபதாண்டில் 2.4 பேர். பிரிட்டனில் பல மையங்கள் சேர்ந்து 3,600-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2022-ல் சொன்னது: இருபதாண்டில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 4 சதவீதம், பெறாதவர்களில் 2.1 சதவீதம். ஆக, ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இரட்டிப்பு என்று மட்டும் சொன்னால் நெஞ்சு பதறும். ஆனால் நூறு பேரில் 96 பேருக்கு இருபதாண்டிலும் அப்படி எதுவும் வரவில்லை என்பதும் அதே கணக்குதான். கதிர் படாதவர்களிலும் 2 பேருக்கு வந்திருப்பதற்கு, இவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் சின்னக் கட்டிகளும் கண்ணில் படுவது ஒரு காரணமாக இருக்கலாம். குழந்தைப் பருவத்தில் கதிர்வீச்சு பெறுபவருக்கு முன்னால் இருக்கும் வாழ்நாள் நீளம். ஆகவே அவர்களுக்கு இந்த முடிவை எடுக்கும்போது மருத்துவர்கள் தயங்குவது சரியே.

ஞாபகம் குறைவதாகவும் கவனம் சிதறுவதாகவும் சிலர் சொல்கிறார்கள். கட்டி, அறுவை, ஹார்மோன் குறைவு, தூக்கமின்மை எல்லாமே இதைச் செய்யக்கூடியவை என்பதால், கதிரின் மேல் மட்டும் பழி போடும் முன் ஹார்மோன்களைச் சரிபார்ப்பது நல்லது.

பழைய எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முப்பதாண்டுக் கணக்கு வேண்டுமென்றால் முப்பதாண்டுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களைத்தான் பார்க்க முடியும். அன்று இரு பொட்டுகள் வழியாகவும் நெற்றி வழியாகவும் கதிர் பாய்ச்சினார்கள். நல்ல மூளைத்திசு நிறையவே பாதையில் அகப்பட்டது. இன்று எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் மில்லிமீட்டர் கணக்கில் திட்டமிடுகிறார்கள். ஸ்வீடன் நாட்டு நரம்பு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா நைஃப், ஒரே நாளில் பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியில் குவிக்கிறது. கட்டி சிறிதாகவும் பார்வை நரம்பிலிருந்து சில மில்லிமீட்டராவது தள்ளியும் இருந்தால் நல்ல வழி. இவ்வகைக் கதிர் அறுவை பெற்ற ஏறத்தாழ 5,000 பேரைப் பற்றிய 2019-ம் ஆண்டு ஆய்வில், புதிதாகப் புற்றுநோய் வரும் ஆபத்து பொதுமக்களுடையதை ஒத்தே இருந்தது. புரோட்டான் சிகிச்சை 2019 முதல் சென்னையிலும் கிடைக்கிறது. கட்டியைத் தாண்டியதும் கதிர் நின்றுவிடுவது அதன் சிறப்பு, செலவு அதன் தடை.

ஆனால் நவீன இயந்திரம் என்பதால் சுரப்பி தப்பிவிடும் என்று நம்ப வேண்டாம். காமா நைஃப் பெற்ற 512 பேரை 2013-ல் ஆராய்ந்தபோது, சராசரியாக மூன்றே ஆண்டுகளில் 21 சதவீதம் பேருக்கு ஹார்மோன் குறைவு புதிதாக வந்தோ, இருந்தது மோசமாகியோ இருந்தது. கட்டி சுரப்பியை ஒட்டியே இருக்கும்போது, கட்டியை எரிக்கும் கதிர் சுரப்பியை முழுதாக விட்டுவைக்க வழியில்லை.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இப்போதே வேண்டுமா, அல்லது ஆண்டுக்கொரு ஸ்கேன் எடுத்து, வளர்ந்தால் மட்டும் கொடுக்கலாமா? ஹார்மோன் சுரக்காத, சிறிய, அசையாத மிச்சம் என்றால் காத்திருப்பது இன்று பலராலும் ஏற்கப்பட்ட வழி. பார்வை நரம்பை நெருங்கி வளரும் கட்டியோ, மருந்துக்கும் அடங்காத குஷிங் நோயோ என்றால், காத்திருப்பதே பெரிய ஆபத்து. அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே விடை வராது.

கதிர்வீச்சு பெற்றாகிவிட்டது என்றால், ஆண்டுக்கு ஒரு முறையாவது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலை கார்ட்டிசால், ஃப்ரீ டி-4, பாலியல் ஹார்மோன்கள், வளர்ச்சி ஹார்மோனின் நிலையைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1, சோடியம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கும். ஐந்தாண்டு எல்லாம் சரியாக இருந்ததே என்று ஆறாம் ஆண்டு விட்டுவிடாதீர்கள். பத்தாம் ஆண்டிலும் பதினைந்தாம் ஆண்டிலும் புதிதாகக் குறைந்தவர்கள் உண்டு.

சிகிச்சை முடியும் நாளில் கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாள், எந்த முறை, பார்வை நரம்புக்கு எவ்வளவு பட்டது. ஊர் மாறும், மருத்துவமனை மாறும், மருத்துவர் ஓய்வுபெறுவார். பதினைந்து ஆண்டு கழித்துக் கட்டி மறுபடி தலைகாட்டினால், இரண்டாம் முறை கதிர் கொடுக்க முடியுமா, கொடுத்தால் எவ்வளவு என்பதை மருத்துவர் அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்வார்.